சாங்தாங்கில் கூடாரப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்துக்கு நான்கு கோடைகளில் போய் வந்திருக்கிறேன். இரண்டு முறை சொகுசு முகாம்களில் தங்கினேன். இரண்டு முறை ட்ஸோ மொரிரி ஏரிக்கரையில் உள்ள கொர்ஸோக் கிராமத்து வீடுகளில். அதன் பிறகு அலுவலகத்திலோ உறவிலோ யார் லடாக்குக்கு டிக்கெட் எடுத்தாலும் எனக்குத் தொலைபேசி வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாங்தாங் எங்கே இருக்கிறது? லே, பாங்காங் பார்த்தாலே அதையும் பார்த்த மாதிரிதானே?

திபெத்தியப் பீடபூமி மேற்கே லடாக்குக்குள் நீண்டு வந்து முடியும் பகுதி அது. பெயருக்கு 'வடக்குச் சமவெளி' என்று பொருள். பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மரம் கிடையாது. காற்று மட்டும் நாள் முழுவதும் ஓயாது. 1987 முதல் இது வனவிலங்குச் சரணாலயமும்கூட.

பாங்காங் ஏரியும் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் ஏரியைப் படம் எடுத்துவிட்டு மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். மேய்ச்சல் வாழ்க்கையைக் காண வேண்டுமென்றால் ட்ஸோ மொரிரி, ட்ஸோ கார் என்ற இரு ஏரிகளின் பக்கமோ, இன்னும் தள்ளி ஹான்லே கிராமத்துக்கோ போக வேண்டும்.

சாங்பா என்கிறார்களே, அவர்கள் திபெத்திலிருந்து வந்த அகதிகளா?

இல்லை. சாங்பா மக்கள் இந்த மேட்டுநிலத்தில் பல தலைமுறைகளாக ஆடு, செம்மறி, யாக் மேய்ப்பவர்கள். 1989-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். பேச்சும் சமயமும் திபெத்துக்கு நெருக்கமானவை என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து மந்தைகளோடு வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் அவர்கள் தனி.

'நாடோடி' என்ற சொல் தமிழில் இலக்கில்லாமல் அலைபவரை நினைக்க வைத்துவிடுகிறது. சாங்பாக்கள் இலக்கில்லாமல் அலைவதே இல்லை. எந்தப் புல்வெளி எந்த மாதம் யாருக்கு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 'கோபா' என்ற ஊர்த்தலைவர் மற்றவர்களோடு கலந்து அதை முடிவு செய்கிறார். குளிர்காலத்துக்கென்று சில புல்வெளிகளைக் கோடையில் யாரும் தொடாமல் விட்டுவைப்பார்கள். முன்பு ட்ஸோ கார் கரையில் உப்பு எடுத்து, செம்மறிகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளத்தாக்கு ஊர்களில் பார்லிக்கு மாற்றி வந்தார்கள். நம் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைக் கணக்கிட்டு இராமநாதபுரத்திலிருந்து கிடை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

டென்ட்டில் படுப்பதற்கா ஒரு இரவுக்கு இவ்வளவு பணம்?

மலையில் அந்தக் கூடாரத்தை நிறுத்துவதற்குத்தான் அந்தப் பணம். கட்டில், மெத்தை, எரிவாயு உருளை, காய்கறி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் லேயிலிருந்து லாரியில் வர வேண்டும். ட்ஸோ மொரிரிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் மலைப்பாதை. காரிலேயே ஆறேழு மணி நேரம் ஆகும். ஜூனில் கட்டிய முகாமை செப்டம்பர் முடிவதற்குள் பிரித்து அடுக்கிவிட வேண்டும். நான்கு மாத வருமானத்தில் ஓராண்டு நடக்கிறது.

கிடைப்பது இவை: இரட்டைத் துணிச் சுவர், தரையில் கம்பளம், கனத்த ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை), இரவில் போர்வைக்குள் வைக்க வெந்நீர்ப் பை, கூடாரத்தோடு ஒட்டிய கழிப்பறை, காலையில் ஒரு வாளி வெந்நீர். விலை கூடக் கூட விறகு அடுப்பும், ஏவலுக்கு ஆளும், ஐந்து வகைச் சாப்பாடும் சேரும். இதில் நான் மனதாரப் பணம் கொடுப்பது வெந்நீர்ப் பைக்கும் ரஜாய்க்கும்தான். ஜூலையிலேயே இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் மறுநாள் உடல் ஒத்துழைக்கும்.

அந்த முகாம் கூடாரம்தான் நாடோடிகள் வசிக்கும் கூடாரமா?

இல்லவே இல்லை. விளம்பரப் படங்கள் இதைக் குழப்பிவிடுகின்றன. சாங்பாக்களின் மரபான கூடாரத்துக்கு 'ரெபோ' என்று பெயர். யாக்கின் முடியை நூற்று, பட்டை பட்டையாக நெய்து, அவற்றை ஒன்றோடொன்று தைத்துச் செய்வது. கருநிறம். கூரை நடுவில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே அடுப்புப் புகை வெளியேறும், வெளிச்சம் உள்ளே விழும். வெயிலில் நூல் தளர்ந்து காற்று நுழைகிறது. ஈரம் பட்டால் நூல் உப்பி இடைவெளி அடைபடுகிறது. உள்ளே உட்கார்ந்து அந்த நெசவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிறு சிறு ஒளிப்புள்ளிகள் கூரை முழுவதும் இறைந்திருக்கும்.

ஒரு ரெபோவுக்கான முடியைச் சேர்த்து நெய்து முடிப்பது பெரும் உழைப்பு. பழைய பட்டை நைந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். எனவே கூடாரம் ஒரேயடியாகப் பழையதாவதில்லை. இப்போது பல குடும்பங்கள் வெள்ளைக் கித்தான் கூடாரத்துக்கு மாறிவிட்டன. இலேசானது, வண்டியில் ஏற்றலாம், விரைவில் நிறுத்தலாம். கித்தான் கூடாரத்தையும் வாசலில் சூரிய மின்தகட்டையும் கண்டு 'அசல் நாடோடிகள் இல்லையே' என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நமக்காக உடை மாற்றிக்கொண்டு நிற்கும் கூட்டம் அல்ல. மந்தையும் புல்லும்தான் அவர்கள் வாழ்க்கை. கூரைத் துணி எதுவாக இருந்தால் என்ன?

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஆடுகளிடமிருந்து பஷ்மினா என்ற மென்முடியைச் சீவி எடுப்பதைப் பார்க்க விரும்பினால் ஜூன். பனி உருகிப் புல் தழைத்திருக்கும் காலம் ஜூலை, ஆகஸ்ட். வானம் துல்லியமாக இருப்பது செப்டம்பரில், ஆனால் குளிர் கடிக்கும்.

ஒரு வாரம்தான் லீவ். விமானத்தில் லே இறங்கி மறுநாளே ட்ஸோ மொரிரி போய்விடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். லே 3,500 மீட்டர். கொர்ஸோக் 4,500-க்கும் மேல். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான். சென்னையிலோ மதுரையிலோ காலையில் காபி குடித்துவிட்டு வந்த உடல் அதற்குப் பழக நாள் வேண்டும்.

லேயில் குறைந்தது இரண்டு முழு நாள். மூன்று இருந்தால் மேல். பிறகு நேரே ஏரிக்குப் போகாமல் சுமாதாங் போல இடைப்பட்ட உயரத்தில் ஒரு இரவு. அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, பொழுது நன்றாகவே போகும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். நள்ளிரவு என்றாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முகாமில் உள்ள ஆக்சிஜன் உருளை இறங்கும் வழிக்கான துணை மட்டுமே.

என் இரண்டாவது பயணத்தில், கூட வந்த நண்பர் ஒருநாள் ஓய்வோடு ஏறிவிட்டார். எங்களுக்கு ஏற்பாடு செய்த பயண நிறுவனம் 'எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்' என்று சொன்னது. இரவு இரண்டு மணிக்கு அவரைக் காரில் கிடத்தி இறக்கினோம். சிந்து ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு தெளிந்தது. ஏழு நாள் மட்டும் இருந்தால் லே, நுப்ரா பள்ளத்தாக்கு பார்த்துத் திரும்புங்கள். சாங்தாங்குக்குப் பத்து நாள் ஒதுக்க முடிகிற ஆண்டில் வாருங்கள்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. சொகுசு முகாம்தானே, அழைத்துப் போகலாமா?

மெத்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் காற்றின் அழுத்தம் கூடிவிடாது. வயது மட்டுமே தடையில்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய மருத்துவரிடம் உயரத்தின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். மலைநோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். இன்சுலினைக் குளிரில் உறையவிடக் கூடாது. இரவில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனை லேயில்தான் இருக்கிறது. இதையெல்லாம் கேட்ட பிறகும் மருத்துவர் சரி என்றால், முந்தைய பதிலில் சொன்ன நாள்களோடு இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் வேண்டுமா? போன் எடுக்குமா?

இந்தியக் குடிமக்களுக்கு உள்எல்லை அனுமதிச் சீட்டு 2021-இல் நீக்கப்பட்டது. ஆனால் சுற்றுச்சூழல் கட்டண ரசீதைச் சோதனைச் சாவடிகளில் கேட்பது உண்டு. இது எல்லையோரப் பகுதி, நிலைமைக்கு ஏற்ப விதி மாறும் என்பதால் லேயில் இறங்கியதும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் கூட வந்தால் அவருக்கு அனுமதி வேண்டும்.

வெளி மாநிலத்து ப்ரீபெய்டு எண் லடாக்கில் வேலை செய்யாது; போஸ்ட்பெய்டு எண் கொண்டு வாருங்கள். அதுவும் ஏரிப்பக்கம் விட்டு விட்டுத்தான் எடுக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் பதற மாட்டார்கள்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

முகாம்களில் சிரமமே இல்லை. சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு, சோறு எப்போதும் இருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி நடுவில் அரிசியாகவே நிற்கும். சோறு சற்று விறைப்பாக வந்தால் சமையல்காரரைக் கோபிக்காதீர்கள்.

சாங்பா வீட்டில் ஆட்டிறைச்சி இயல்பான உணவு. பனிக்காலத்தில் வேறு என்ன கிடைக்கும்? ஆனால் விருந்தினர் சைவம் என்றால் வறுத்த பார்லி மாவும் தயிரும் வைப்பார்கள். அந்தத் தயிர் கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டி. மதுரைக்காரனான நான் ஊறுகாய் பாட்டிலோடு போய், அவர்கள் தயிரையும் என் மாவடுவையும் சேர்த்துச் சாப்பிட்டதை இன்றும் மறக்கவில்லை. உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரைத் தேநீர் என்று எண்ணிக் குடித்தால் பிடிக்காது. சூப் என்று எண்ணிக் குடியுங்கள். கோப்பை காலியானால் மறுபடி நிரப்புவார்கள். போதும் என்றால் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, விடைபெறும்போது குடித்து முடிக்கலாம்.

காசு கொடுத்து ஒரு குடும்பத்தின் கூடாரத்துக்குள் நுழைந்து பார்ப்பது, மிருகக்காட்சிசாலைக்குப் போவது போல இல்லையா?

இதைக் கேட்பவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆம், அப்படி ஆகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. ஆனதைப் பார்த்தும் இருக்கிறேன். ஒரு முகாமில் மாலைத் தேநீர் நேரத்துக்கு ஒரு குடும்பத்தை உடுப்பெல்லாம் உடுத்தச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். அந்த நேரம் ஆடு பால் கறக்க வேண்டிய நேரம். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்து போய்விட்டோம்.

சரியான விதம் வேறு. முகாமில் ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த குடும்பத்திடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். கூடாரத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். நாய்கள் பெரியவை, கட்டுக்குள் வரட்டும். 'ஜூலே' என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம். வயதான பெண்ணை 'ஆமா-லே' என்று அழைக்கலாம். நாம் 'ங்க' சேர்ப்பதுபோல் அவர்கள் 'லே' சேர்க்கிறார்கள். அடுப்பைச் சுற்றி யார் எங்கே உட்காருவது என்பதற்கு வரிசை இருக்கிறது; காட்டும் இடத்தில் உட்காருங்கள். அடுப்பைத் தாண்டாதீர்கள், அதில் குப்பை போடாதீர்கள்.

அப்புறம், அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். உங்களிடம் எத்தனை ஆடு, உங்கள் ஊரில் ஏன் பனி இல்லை, கடல் என்பது ட்ஸோ மொரிரியைவிடப் பெரிதா என்றெல்லாம் கேட்டார்கள். அந்த உரையாடலில் நாங்கள்தான் வேடிக்கைப் பொருள். அது நல்லது.

குழந்தைகளுக்குச் சாக்லேட், பேனா கொண்டுபோகலாமா? படம் எடுக்கலாமா?

சாக்லேட் வேண்டாம். வண்டி சத்தம் கேட்டதும் ஓடிவந்து கைநீட்டும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்குகிறோம். பல் மருத்துவரும் பக்கத்தில் இல்லை. கொடுக்க மனம் இருந்தால் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள். விருந்து வைத்த வீட்டுக்கு நல்ல தேயிலை, உலர்ந்த பழம், அரிசி போன்றவை பொருத்தமான கைப்பொருள்.

படம், கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பதும் அதே அத்துமீறல்தான்.

நான் கொடுக்கும் பணத்தில் அவர்களுக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா?

முகாமைப் பொறுத்தது. முன்பதிவு செய்யும்முன் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். முகாம் நிற்கும் நிலத்துக்கு ஊருக்கு வாடகை கொடுக்கிறீர்களா? வேலை செய்பவர்களில் சாங்தாங்காரர்கள் எத்தனை பேர், என்ன வேலையில்? பால், தயிர், இறைச்சி, குதிரை இவற்றை யாரிடம் வாங்குகிறீர்கள்? நேர்மையான முகாம் உடனே பதில் சொல்லும். 'நாங்கள் பழங்குடிப் பண்பாட்டைக் கொண்டாடுகிறோம்' என்று பொதுவாகச் சொன்னால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

கொர்ஸோக்கில் வீடுகளில் விருந்தினராகத் தங்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஏவலாள் கிடையாது, கழிப்பறை மண் போட்டு மூடும் உலர் கழிப்பறை. ஆனால் பணம் நேரே அந்த வீட்டு அம்மாள் கையில் சேரும். முகாமில் இரண்டு இரவு, வீட்டில் ஒரு இரவு என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

ஏரிக்கரையிலேயே கூடாரம், தினமும் ஷவர் என்று ஒரு முகாம் விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ட்ஸோ மொரிரிக்கு வெளியேறும் வழி கிடையாது. ஓடைகள் உள்ளே வருகின்றன, நீர் ஆவியாகத்தான் போகிறது. உள்ளே விழும் சோப்பும் சாக்கடையும் அங்கேயேதான் கிடக்கும். 2002-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு ஒப்பந்தப்படி காக்க வேண்டிய ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஏரி அது. கரையோரச் சதுப்புதான் ஆடுகளுக்கும் கியாங் என்ற காட்டுக் கழுதைகளுக்கும் நல்ல புல் கிடைக்கும் இடம். கருங்கழுத்துக் கொக்கும் வரித்தலை வாத்தும் முட்டையிடும் இடமும் அதுவே. அந்த வாத்து நமக்கு அந்நியம் இல்லை. இதே இனம்தான் குளிர்காலத்தில் நம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருகிறது.

கரையிலிருந்து விலகி, மேட்டில் நிற்கும் முகாமாகப் பாருங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஷவருக்குப் பதில் ஒரு வாளி வெந்நீர் தரும் முகாமே அந்த நிலத்தைப் புரிந்துகொண்ட முகாம். மீந்த சாப்பாட்டை வெளியே கொட்டுகிறார்களா என்றும் கவனியுங்கள்; அதைத் தின்று பெருகும் தெருநாய்கள் கொக்குக் குஞ்சுகளை வேட்டையாடுகின்றன.

பஷ்மினா சால்வை அங்கே வாங்கினால் மலிவாகக் கிடைக்குமா?

மலிவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சாங்பாக்கள் பெரும்பாலும் விற்பது சீவிய மூலப்பொருளை. அதை 'லேனா' என்கிறார்கள். குளிர் தாங்க 'சாங்ரா' ஆட்டுக்கு உள்ளே வளரும் மென்முடி அது. மனிதத் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். ஓர் ஆட்டுக்கு ஆண்டில் ஒரு முறை, கால் கிலோ அளவு. அதிலும் முரட்டு முடியைப் பிரித்த பின் பாதிக்கும் குறைவே மிஞ்சும். ஒரு சால்வைக்கு மூன்று ஆடுகளின் முடி தேவை என்றால் விலை எப்படிக் குறையும்? நூற்று நெய்யும் வேலை பெரும்பாலும் காஷ்மீரில் நடந்ததால் லாபமும் அங்கேயே நின்றது. இப்போது லடாக்கிலேயே நெய்கிறார்கள். 2017-இல் தொடங்கிய 'லூம்ஸ் ஆஃப் லடாக்' பெண்கள் கூட்டுறவின் கடை லேயில் இருக்கிறது. லடாக் பஷ்மினாவுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

யாராவது 'ஷாதூஷ்' என்று காட்டினால் தொடாதீர்கள். அது சிரு என்ற மானைக் கொன்று எடுக்கும் முடி, வைத்திருப்பதே குற்றம்.

ஹான்லேவும் சேர்த்துக்கொள்ளலாமா?

நாள் இருந்தால் கட்டாயம். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது. 2022-இல் சுற்றுவட்டாரம் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வண்டி விளக்கும் டார்ச்சும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கூடார வாசலில் அலங்கார விளக்குத் தோரணம் கட்டும் முகாமை இங்கே தவிர்த்துவிடுங்கள்.

நம்மைப் போல எல்லோரும் போய்ப்போய்த்தானே அந்த வாழ்க்கை அழிகிறது?

அழுத்தம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் மேய்ப்பவர்கள் மந்தையை விடுவதற்கு நாம் மட்டும் காரணம் இல்லை. கர்னாக் என்ற பகுதியின் குடும்பங்களில் பெரும்பாலானவை லே அருகே குடியேறிவிட்டன. காரணம் கேட்டால் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதியவர்களின் உடல்நிலை என்றே சொல்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதி 1962 போருக்குப் பின் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளி விடுதிக்குப் போனபின் ஆடு மேய்க்க வயதானவர்களே மிஞ்சுகிறார்கள். பனி அளவுக்கு மீறிப் பெய்த ஆண்டில் புல் மூடி, ஆயிரக்கணக்கில் ஆடுகள் பட்டினியால் இறந்திருக்கின்றன.

பயணிகள் தரும் வருமானம் ஒரு குடும்பத்தை மந்தையோடு நிறுத்திவைக்கவும் செய்யலாம், மந்தையை விற்றுவிட்டு முகாம் வேலைக்கு இழுக்கவும் செய்யலாம். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோடை மூன்று மாதம் முகாமில் குதிரை நடத்திவிட்டு, அந்தப் பணத்தில் குளிர்காலத் தீவனம் வாங்கிச் சேர்க்கும் இளைஞரை எனக்குத் தெரியும். அவருக்கு வேலை கொடுத்த முகாமையே நான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அவருடைய அண்ணன் லேயில் டாக்ஸி ஓட்டுகிறார். அண்ணனைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எடுத்த படங்களை அவர்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். எப்படி அனுப்புவது?

அச்சடித்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது கிடைத்ததா என்றே தெரியாது. காகிதப் படம் கூடாரத்துக்குள் தங்கும். குடும்பத் தலைவரின் பெயரையும் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதையும் புறப்படும்முன் வழிகாட்டியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறையை லேயில் அந்த வழிகாட்டியின் முகவரிக்கு அனுப்பினால், மேலே போகும் ஏதாவது ஒரு வண்டியில் அது போய்விடும். சாலை மூடுவதற்குள் சேர வேண்டுமென்றால் அக்டோபருக்கு முன் அனுப்புங்கள். நான் முதல் ஆண்டு அனுப்பிய படம், இரண்டு ஆண்டு கழித்துப் போனபோது கோயில் விளக்கின் பக்கத்தில் செருகப்பட்டிருந்தது.